இத்தாலிய வினை: அழுத்தம் எங்கே, திரிபு அங்கே

இத்தாலிய இலக்கண நூல் எதை வாங்கினாலும் அதன் கடைசிப் பகுதி முழுக்க வினை வாய்பாடுகளாகவே இருக்கும். ஒரு வினைக்கு ஏழு பாங்குகள், அவற்றுக்குள் 21 காலங்கள். நடந்ததை நடந்தபடி சொல்லும் இந்திக்கத்தீவொ பாங்கில் 8, ஐயம், விருப்பம், அச்சம் ஆகியவற்றுக்கான கொஞ்ஜுன்தீவொவில் 4, ‘செய்வேனே’ என்று நிபந்தனைக்கு உட்பட்டுப் பேசும் கொந்தித்ஸியொனாலெயில் 2, ஏவலில் 1. மீதி ஆறும் ஆளைக் காட்டாத மூன்று பாங்குகளில் இரண்டிரண்டாக வருபவை. ஏவல் நீங்கலாக, ஆள் காட்டும் காலம் ஒவ்வொன்றிலும் நான், நீ, அவன் அல்லது அவள், நாம், நீங்கள், அவர்கள் என்று ஆறு வடிவங்கள். இதை மேலிருந்து கீழாக உருப்போட ஆரம்பித்தால் சலிப்புத்தான் மிஞ்சும், பேச்சு வராது.

இந்த அத்தியாயம் வேறு வழியில் போகிறது. இத்தாலிய வினையில் எந்த இடம் மாறும், எந்த இடம் மாறாது என்பதைப் பெரும்பாலும் ஒரே செய்திதான் முடிவு செய்கிறது: சொல்லில் குரல் எந்த அசையை அழுத்துகிறது என்பது. அழுத்தம் வேரில் விழுந்தால் வேர் மாறக்கூடும். விகுதியில் விழுந்தால் வேர் தன் இயல்பில் நிற்கும், அல்லது சுருங்கும். இதைக் காதில் ஏற்றிக்கொண்டால் வாய்பாடுகளில் பாதி தானாக விளங்கும்.

கணக்கையும் முதலிலேயே குறைத்துக்கொள்ளலாம். 21 வடிவங்களில் ஒன்பது கூட்டு வடிவங்கள்: அவேரெ (உடைத்தாயிரு) அல்லது ஏஸ்ஸெரெ (இரு) என்ற துணைவினையோடு இறந்தகால எச்சம் சேர்ந்து வருபவை. அந்த இரண்டு துணைவினைகளையும் எச்சத்தையும் அறிந்தவருக்கு அவற்றில் புதிதாகப் படிக்க ஒன்றும் இல்லை. மீதி பன்னிரண்டில்தான் உழைப்பு.

எழுதும் முறை

இங்கே இத்தாலியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். அழுத்தம் விழும் உயிரை நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் எழுதுகிறேன். ‘பார்லொ’ என்றால் ‘பேசுகிறேன்’. ‘பர்லோ’ என்றால் ‘அவன் பேசினான்’. எழுத்துகள் அவையே, அழுத்தம் இடம் மாறியதும் ஆளும் காலமும் மாறிவிட்டன. ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும், எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் நம் எழுத்தில் இன்று தெளிவான வேறுபாடு இருப்பதால்தான் இப்படி எழுத முடிகிறது. அந்தச் சீர்திருத்தத்தை வீரமாமுனிவர் செய்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அவர் 1680-ல் வட இத்தாலியின் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியெரே என்ற ஊரில் பிறந்தவர். அவர் தந்த குறியைக் கொண்டே அவருடைய தாய்நாட்டு வினைகளைப் படிக்கப்போகிறோம்.

உயிருக்கு நடுவே வரும் த்த, ப்ப, க்க ஆகியவை வலித்து ஒலிக்க வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டவை. ஒற்றையாக வந்தால் மெலிந்து ஒலியுங்கள். ன்த வலித்தது, ந்த மெலிந்தது. ம், ன், ல், ர், ஸ் இரட்டித்தால் அது உண்மையான இரட்டிப்பு. கட்டாயம் இரட்டித்தே சொல்ல வேண்டும். சொல்லின் முதலில் வரும் வல்லினம் வலிக்குமா மெலியுமா என்பதை ரோமன் எழுத்து அகராதியில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நிகழ்காலம்: வேர் மாறும் நான்கு இடங்கள்

வினைகள் மூன்று குலம். தலைச்சொல்லாக அகராதியில் நிற்கும் வடிவத்தின் ஈற்றைக் கொண்டு பிரிப்பார்கள்: -ஆரெ (பர்லாரெ, பேசு), -எரெ (க்ரேதெரெ, நம்பு), -ஈரெ (தொர்மீரெ, தூங்கு). முதல் குலம்தான் மிகப் பெரியது. புதிதாகப் பிறக்கும் வினைகளும் அதில்தான் சேர்கின்றன: கணினியில் ‘கிளிக்’ செய்வது க்ளிக்காரெ. இரண்டாம் குலம்தான் முரண்டு பிடிப்பது. அதில் அழுத்தம்கூட ஓரிடத்தில் நிற்காது: க்ரேதெரெ ஒரு வகை, வெதேரெ (பார்) இன்னொரு வகை.

பர்லாரெயின் நிகழ்காலம்: பார்லொ, பார்லி, பார்ல, பர்லியாமொ, பர்லாத்தெ, பார்லனொ. தமிழரான நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. ‘வருகிறேன்’ என்ற சொல்லில் ‘நான்’ ஏற்கெனவே அடங்கியிருப்பதுபோல ‘பார்லொ’விலும் அடங்கியிருக்கிறது. ஆகவே எழுவாயை ஒவ்வொரு வாக்கியத்திலும் சொல்ல வேண்டாம். ‘நான் பேசுகிறேன், அவன் பேசவில்லை’ என்று எதிர்நிறுத்தும்போது மட்டும் சொன்னால் போதும். ஆனால் படர்க்கையில் இத்தாலிய வினை ஆண், பெண் காட்டாது. ‘பார்ல’ என்பது பேசுகிறான், பேசுகிறாள் இரண்டுமே.

ஆறு வடிவங்களையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். நான், நீ, அவன், அவர்கள் ஆகிய நான்கிலும் ‘பார்’ நெடிலாக இருக்கிறது. நாம், நீங்கள் ஆகிய இரண்டில் ‘பர்’ குறிலாகி அழுத்தம் விகுதிக்குப் போய்விடுகிறது. இந்த நான்கு, இரண்டு பிரிவுதான் இத்தாலிய நிகழ்காலத்தின் அச்சு. ஒழுங்கற்ற வினைகள் என்று வாய்பாட்டில் தனியே அச்சிடப்பட்டிருப்பவற்றைப் பாருங்கள். அந்தாரெ (போ): வாதொ, வாய், வா, வான்னொ ஆகிய நான்கும் ஒரு வேரிலிருந்து வருகின்றன, அந்தியாமொ, அந்தாத்தெ இரண்டும் இன்னொரு வேர். உஷீரெ (வெளியே போ): ஏஸ்கொ, ஏஷி, ஏஷெ, ஏஸ்கொனொ நான்கும் ஏகாரத்தில் தொடங்க, உஷாமொ, உஷீத்தெ இரண்டும் உகரத்தில் நிற்கின்றன. தொவேரெ (செய்தாக வேண்டும்): தேவொ, தேவி, தேவெ, தேவொனொ, நீங்கள் வடிவம் மட்டும் தொவேத்தெ. ஸெதேரெ (உட்கார்): ஸியேதொ, ஆனால் ஸெதியாமொ. அழுத்தம் தாங்கிய உயிர் நூற்றாண்டுகளில் உருமாறியது, தாங்காத உயிர் வேறு வழியில் போனது. அந்த வரலாறுதான் இந்தப் பிரிவாக நிற்கிறது.

மூன்றாம் குலத்தில் பல வினைகள் நடுவே ஒரு ‘ஈஸ்க்’ சேர்த்துக்கொள்வதும் இதே காரணத்தால்தான். ஃபினீரெ (முடி): ஃபினீஸ்கொ, ஃபினீஷி, ஃபினீஷெ, ஃபினியாமொ, ஃபினீத்தெ, ஃபினீஸ்கொனொ. வேரில் அழுத்தம் விழ வேண்டிய அதே நான்கு இடங்களில் இந்த இடைச்சொருகல் வந்து அழுத்தத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. கப்பீரெ (புரிந்துகொள்), ப்ரெஃபெரீரெ (ஒன்றைவிட இன்னொன்றை விரும்பு), புலீரெ (சுத்தம் செய்), ஸ்பெதீரெ (அனுப்பு) எல்லாம் இந்த வகை. தொர்மீரெ, பர்த்தீரெ (புறப்படு), ஸென்தீரெ (கேள், உணர்), அப்ரீரெ (திற) ஆகியவை ஈஸ்க் வேண்டாதவை. வேண்டாதவை எண்ணிக்கையில் குறைவு. அவற்றை நினைவில் வைத்துக்கொண்டு மற்றவற்றுக்கு ஈஸ்க் சேர்ப்பதே சுருக்க வழி.

‘அவர்கள்’ வடிவத்தில் நம்மவர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. பார்லனொவைப் ‘பர்லானொ’ என்று நடுவில் அழுத்திச் சொல்லத் தோன்றும். அழுத்தம் ‘நான்’ வடிவத்தில் எங்கோ ‘அவர்கள்’ வடிவத்திலும் அங்கேதான்: பார்லொ, பார்லனொ, தேவொ, தேவொனொ. இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பழகுங்கள்.

இந்த விதிக்கு அடங்காத சில ‘நாம்’ வடிவங்கள் இருக்கின்றன: அப்பியாமொ (உடையோம், ‘ப்ப’ இங்கே மெலிந்து ஒலிக்கும்), தொப்பியாமொ (செய்தாக வேண்டும், இதிலும் ‘ப்ப’ மெலியும்), பொஸ்ஸியாமொ (நம்மால் முடியும்), வொல்யாமொ (வேண்டும்), ஸப்பியாமொ (தெரியும்). இவை நாள் முழுக்கப் புழங்கும் வினைகள் என்பதால் தனியே படிக்காமலே நாவில் ஏறிவிடும்.

மரியாதை வடிவம்

முன்பின் அறியாதவரையும் பெரியவரையும் ‘லேய்’ என்று அழைப்பார்கள். அதற்கு வினை படர்க்கை ஒருமையில் வரும். நாம் மரியாதைக்குப் பன்மையை நாடுகிறோம், அவர்கள் படர்க்கையை நாடுகிறார்கள். ‘வோய்’ என்ற பன்மை வடிவத்தால் மரியாதை காட்டும் வழக்கம் தென்பகுதிகளில் இன்னும் இருக்கிறது. முசோலினி ஆட்சி 1938-ல் லேய்க்குத் தடை போட்டு வோயைத் திணிக்கப் பார்த்தது. அந்த ஆட்சி போன பிறகு லேய் நிலைத்தது. நீங்கள் லேயைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

லேய்க்குரிய ஏவல் வடிவம் கொஞ்ஜுன்தீவொவிலிருந்து வருகிறது. பாடநூல்கள் இந்தப் பாங்கைக் கடைசியில் வைத்து மாணவரை மிரட்டுகின்றன. ஆனால் இத்தாலியில் இறங்கிய முதல் நாளே அதைச் சொல்லிவிடுகிறோம். தெருவில் ஒருவரை நிறுத்தி ‘மன்னிக்கவும்’ என்று சொல்லும் ‘ஸ்கூஸி’ கொஞ்ஜுன்தீவொ. ‘கொஞ்சம் கேளுங்கள்’ என்ற ‘ஸேன்த’வும், கடைக்காரர் நம்மைப் பார்த்து ‘சொல்லுங்கள்’ என்னும் ‘மி தீக்க’வும் அப்படியே. நண்பரிடம் என்றால் அது ஸ்கூஸ. கடைசி உயிர் ஒன்றுதான் நெருக்கத்துக்கும் மரியாதைக்கும் வேலி. ‘செய்யாதே’ என்று நண்பரைத் தடுக்க அகராதி வடிவத்தின் முன் ‘நொன்’ போட்டால் போதும்: நொன் பர்லாரெ, பேசாதே.

இறந்தகாலம்: எந்தத் துணைவினை, எந்தக் காலம்

நடந்து முடிந்த ஒன்றைப் பேச்சில் சொல்லப் பயன்படுவது பஸ்ஸாத்தொ ப்ரோஸ்ஸிமொ என்னும் கூட்டு வடிவம். இறந்தகால எச்சத்தின் ஈறு குலத்துக்கு ஏற்ப -ஆத்தொ, -ஊத்தொ, -ஈத்தொ. ஒழுங்கற்ற எச்சங்கள் பெரும்பாலும் இரண்டாம் குலத்தில், அழுத்தம் வேரில் விழும் வினைகளில்தான்: ஸ்க்ரீவெரெ (எழுது) ஸ்க்ரீத்தொ, லேஜ்ஜெரெ (படி) லேத்தொ, ப்ரேந்தெரெ (எடு) ப்ரேஸொ, மேத்தெரெ (வை) மேஸ்ஸொ, க்யூதெரெ (மூடு) க்யூஸொ. அதே குலத்தில் விகுதியில் அழுத்தம் வாங்கும் தெனேரெ (பிடித்துக்கொள்) தெனூத்தொ என்று ஒழுங்காக நிற்பதைப் பாருங்கள்.

துணைவினை அவேரெயா ஏஸ்ஸெரெயா என்பதுதான் உண்மையான சிக்கல். செயப்படுபொருள் ஏற்கும் வினைகளுக்கு அவேரெ: ஓ மஞ்ஜாத்தொ (சாப்பிட்டேன்). போதல், வருதல், பிறத்தல், இறத்தல், ஆகுதல் போல இடமோ நிலையோ மாறும் வினைகளுக்கு ஏஸ்ஸெரெ. தன்வயமாகச் செய்பவற்றுக்கும் ஏஸ்ஸெரெதான்: மி ஸோனொ அல்த்ஸாத்தொ (எழுந்தேன்). வெறும் அசைவு என்றால் அவேரெ போதும். நடந்தேன் என்பது ஓ கம்மினாத்தொ, போனேன் என்பது ஸோனொ அந்தாத்தொ. சேருமிடம் ஒன்று மனத்தில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டால் தவறுவது குறையும்.

ஏஸ்ஸெரெ வந்தால் எச்சம் எழுவாயின் பாலையும் எண்ணையும் காட்டும். ஆண் ‘ஸோனொ அந்தாத்தொ’ என்பார், பெண் ‘ஸோனொ அந்தாத்த’ என்பார். நம் ‘போனேன்’ இதைக் காட்டாது. நாம் ‘போனான், போனாள்’ என்று படர்க்கையில் காட்டுவதை இத்தாலியர் தன்மையிலும் காட்டுகிறார்கள். ஆகவே தன்னைப் பற்றிப் பேசும்போதுதான் கவனம் அதிகம் தேவை.

பிடித்தல் என்ற வினைக்கும் இதே துணைவினை. ‘மி பியாச்செ’ என்றால் ‘எனக்குப் பிடிக்கும்’. ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமை, பிடித்த பொருளே எழுவாய். நம் வாக்கியம் அப்படியே. பல பொருள்கள் என்றால் வினை பன்மையாகும்: மி பியாச்சொனொ. ‘மி ஸேர்வெ’ எனக்குத் தேவைப்படுகிறது, ‘மி பாஸ்த’ எனக்குப் போதும், ‘மி ஸேம்ப்ர’ எனக்குத் தோன்றுகிறது. இந்த வரிசையை ஆங்கில வழிப் பாடநூலில் படிக்காதீர்கள். அங்கே இதைத் தலைகீழ் வாக்கியம் என்று பல பக்கங்களில் விளக்குவார்கள். தமிழில் நினைப்பவருக்கு அந்த விளக்கமே குழப்பம்.

இன்னொரு இறந்தகாலம் இம்ப்பெர்ஃபேத்தொ. நீடித்ததை, வழக்கமாக நிகழ்ந்ததை, பின்னணியைச் சொல்வது: பர்லாவொ, பர்லாவி, பர்லாவ, பர்லவாமொ, பர்லவாத்தெ, பர்லாவனொ. அழுத்தம் ஓரிடத்திலும் வேரில் விழுவதில்லை. அதனால்தான் இத்தாலிய மொழியிலேயே மிக ஒழுங்கான காலம் இது. ஃபாரெ (செய்), தீரெ (சொல்), பேரெ (குடி) போன்றவை தம் பழைய நீண்ட வேரை இங்கே வெளிக்காட்டுகின்றன: ஃபச்சேவொ, திச்சேவொ, பெவேவொ. அவ்வளவே. விலகி நிற்பது ஏஸ்ஸெரெ மட்டும்: ஏரொ, ஏரி, ஏர, எரவாமொ, எரவாத்தெ, ஏரனொ. நெடில் எங்கே இருக்கிறதென்று பாருங்கள். இந்தக் காலத்தில் அழுத்தம் வேருக்கு வரும் ஒரே வினை இதுதான்.

‘நான்’ வடிவத்தின் ஒகர ஈறு எழுத்துமொழியில் நிலைபெற்றது பிற்பாடுதான். முன்பு எழுத்தில் நானும் அவனும் ‘அவேவ’ என்ற ஒரே வடிவத்தில் வருவது வழக்கம். மன்ட்ஸோனி 1827-ல் வெளியிட்ட ‘இ ப்ரொமேஸ்ஸி ஸ்போஸி’ நாவலை ஃப்ளோரன்ஸ் நகரப் பேச்சை ஒட்டித் திருத்தி 1840 முதல் 1842 வரை மீண்டும் வெளியிட்டபோது ‘அவேவொ’ என்று மாற்றினார். இன்று அதுவே வழக்கு. பழைய நூல்களில் ‘நான்’ வடிவம் அகரத்தில் முடிவதைக் கண்டால் அச்சுப்பிழை என்று எண்ண வேண்டாம்.

தமிழர் தவறும் இடம் இங்கேதான் ஆழமாக இருக்கிறது. ‘சின்ன வயதில் விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போவோம்’ என்று எதிர்கால வடிவத்தால் நாம் பழைய வழக்கத்தைச் சொல்கிறோம். அந்தப் பழக்கத்தில் இத்தாலிய எதிர்காலத்தைப் போட்டால் கேட்பவர் வரப்போகும் விடுமுறையைத் தேடுவார். இதற்கு அந்தவாமொ என்ற இம்ப்பெர்ஃபேத்தொ வேண்டும். ‘போய்க்கொண்டிருந்தோம்’ என்பதற்கும் அதுவே. ‘போவோம்’ என்று மனத்தில் வரும்போதெல்லாம் அது பழைய கதையா, நாளைய திட்டமா என்று ஒரு நொடி நின்று பாருங்கள்.

இரண்டு காலங்களும் ஒரே வாக்கியத்தில் வரும்போது வேறுபாடு தெளிவாகும். ‘தொர்மீவொ க்வாந்தொ ஏ அர்ரிவாத்தொ’: நான் தூங்கிக்கொண்டிருந்தேன், அப்போது அவன் வந்தான். சில வினைகளில் காலம் மாறினால் பொருளே நகரும். ‘ஸப்பேவொ’ என்றால் எனக்குத் தெரிந்திருந்தது. ‘ஓ ஸப்பூத்தொ’ என்றால் எனக்குத் தெரியவந்தது.

எதிர்காலமும் கொந்தித்ஸியொனாலெயும்

பேச்சு லத்தீனில் ‘பேசுதல்’ என்ற அகராதி வடிவத்தோடு ‘உடையேன்’ என்ற துணைவினையைச் சேர்த்து எதிர்காலம் சொன்னார்கள். இரண்டும் ஒட்டிப் பிறந்ததுதான் இத்தாலிய எதிர்காலம். அவேரெயின் நிகழ்காலத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஓ, ஆய், ஆ, அப்பியாமொ, அவேத்தெ, ஆன்னொ. பர்லாரெயின் எதிர்காலம்: பர்லெரோ, பர்லெராய், பர்லெரா, பர்லெரேமொ, பர்லெரேத்தெ, பர்லெரான்னொ. ஒட்டுப்போட்ட இடம் அப்படியே தெரிகிறது. இத்தனை விகுதிகளையும் தனியாகப் படிக்க வேண்டாம்.

அழுத்தம் முழுவதும் கடைசிக்குப் போய்விட்டதால் நடுவிலிருந்த உயிர் வலுவிழந்து விழுவது உண்டு. அந்தாரெ அந்த்ரோ ஆயிற்று. பொத்தேரெ பொத்ரோ, தொவேரெ தொவ்ரோ, வெதேரெ வெத்ரோ, ஸப்பேரெ ஸப்ரோ. உயிர் விழுந்து ன்ர, ல்ர என்று மோதிய இடங்களில் ர் இரட்டித்தது: வெனீரெ (வா) வெர்ரோ, தெனேரெ தெர்ரோ, ரிமனேரெ (தங்கு) ரிமர்ரோ, வொலேரெ (விரும்பு) வொர்ரோ. இந்த இரட்டிப்பை விழுங்காமல் சொல்லுங்கள்.

கொந்தித்ஸியொனாலெக்கும் இதே வேர்தான், விகுதி மட்டும் வேறு: பர்லெரேய், பர்லெரேஸ்தி, பர்லெரேப்பெ, பர்லெரேம்மொ, பர்லெரேஸ்தெ, பர்லெரேப்பெரொ (‘ப்ப’ மெலிந்து). ‘நாம்’ வடிவங்களை ஒப்பிடுங்கள். பர்லெரேமொ என்றால் பேசுவோம். பர்லெரேம்மொ என்றால் ‘அப்படியிருந்தால் பேசுவோமே’. ஒரு மகரம்தான் இடைவெளி. வளிக்கும் வள்ளிக்கும், அமைக்கும் அம்மைக்கும் வேறுபாடு கேட்டு வளர்ந்த காது நம்முடையது. வேறு பல மொழியினர் மாதக்கணக்கில் திணறும் இந்த இடத்தில் நமக்குச் சிரமமே இல்லை.

ஊகத்துக்கும் எதிர்காலத்தையே பயன்படுத்துகிறார்கள். ‘மணி எட்டு இருக்கும்’ என்பது ஸரான்னொ லெ ஓத்தொ. ‘அவன் வீட்டில் இருப்பான்’ என்பது ஸரா அ காஸ. தமிழிலும் அப்படியே என்பதால் தயங்காமல் சொல்லலாம்.

கொந்தித்ஸியொனாலெயைக் கடையில் ‘வொர்ரேய்’ (வேண்டும், பணிவாக) என்று முதலில் சந்திப்பீர்கள். செய்தித்தாளில் அதற்கு இன்னொரு வேலை இருக்கிறது. ‘இல் மினீஸ்த்ரொ ஸரேப்பெ பர்த்தீத்தொ’ என்றால் ‘அமைச்சர் புறப்பட்டுவிட்டாராம்’. செய்தியாளர் தான் உறுதி செய்யாத தகவலைத் தரும்போது இந்தப் பாங்கில் தருகிறார். நம் ‘ஆம்’ செய்யும் வேலையை இது செய்கிறது. இதை அறியாமல் இத்தாலியச் செய்தி படித்தால் வதந்தி உண்மையாகத் தெரியும். ‘வருவேன் என்று சொன்னான்’ போன்ற வாக்கியத்திலும் இதன் கூட்டு வடிவமே வரும்: ஆ தேத்தொ கெ ஸரேப்பெ வெனூத்தொ. அவன் பிறகு வந்தானா இல்லையா என்பது இங்கே பொருட்டல்ல.

கொஞ்ஜுன்தீவொ

‘தாமதமாகிவிட்டது என்று எனக்குத் தெரியும்’ என்றால் ஸோ கெ ஏ தார்தி. ‘தாமதமாகிவிட்டது என்று நினைக்கிறேன்’ என்றால் பேன்ஸொ கெ ஸீய தார்தி. அறிவு நினைப்பாக மாறியதும் ஏ போய் ஸீய வருகிறது. நினைத்தல், நம்புதல், விரும்புதல், அஞ்சுதல் ஆகிய வினைகளுக்குப் பிறகும், பென்கே (ஆயினும்), ப்ரீம கெ (முன்பாக) போன்ற இணைப்புகளுக்குப் பிறகும் இதை எதிர்பாருங்கள். அன்றாடப் பேச்சில் பேன்ஸொவுக்குப் பிறகு சாதாரண நிகழ்காலத்தைப் போடுபவர்கள் பலர். எழுத்திலும் தேர்விலும் அது செல்லாது.

வடிவத்தை ‘நான்’ நிகழ்காலத்திலிருந்து எடுங்கள். -ஆரெ குலத்துக்கு ஒருமை முழுக்க இகர ஈறு: பார்லி. மற்ற இரண்டுக்கும் அகர ஈறு: வேங்கொவிலிருந்து வேங்க, தீக்கொவிலிருந்து தீக்க, ஃபாச்சொவிலிருந்து ஃபாச்ச. முதல் குலத்து அந்தாரெயும் தன் வாதொ வேரின் காரணமாக வாத என்று அகரத்தையே வாங்கும். இகரத்தை எல்லா வினைக்கும் ஒட்டுவதுதான் இத்தாலியர்களே செய்யும் தவறு. பாவொலோ வில்லாஜ்ஜோ நடித்து 1975-ல் வந்த ‘ஃபான்தோத்ஸி’ படத்தாலும் அதன் தொடர்ச்சிகளாலும் வாதி, ஃபாச்சி என்ற பிழை வடிவங்கள் நாடு முழுக்கத் தெரிந்தவை ஆயின. ஒழுங்குக்கு வராதவை சில: ஸீய (இரு), ஆப்பிய (உடை, ‘ப்ப’ மெலிந்து), ஸாப்பிய (அறி), தீய (கொடு), ஸ்தீய (நில், இரு).

இதன் இறந்தகால வடிவம் பர்லாஸ்ஸி, பர்லாஸ்ஸி, பர்லாஸ்ஸெ, பர்லாஸ்ஸிமொ, பர்லாஸ்தெ, பர்லாஸ்ஸெரொ. அழுத்தம் எப்போதும் விகுதியில். ஆகவே ஒழுங்கற்றவை மிகக் குறைவு. ஃபோஸ்ஸி (இரு), தேஸ்ஸி (கொடு), ஸ்தேஸ்ஸி (நில்) மூன்றையும் படித்துவிடுங்கள். நிபந்தனை வாக்கியத்துக்கு இதுவே உயிர். ‘நேரம் இருந்தால் வருவேன்’: ஸெ அவேஸ்ஸி தேம்ப்பொ, வெர்ரேய். ‘தெரிந்திருந்தால் வந்திருப்பேன்’: ஸெ லவேஸ்ஸி ஸப்பூத்தொ, ஸரேய் வெனூத்தொ. ‘ஸெ’ இருக்கும் பக்கத்தில் கொந்தித்ஸியொனாலெ வரவே கூடாது. பள்ளி ஆசிரியர்கள் சிவப்பு மை தொட்டுத் திருத்தும் பிழை அது. வீட்டுப் பேச்சில் இரண்டு பக்கமும் இம்ப்பெர்ஃபேத்தொ போட்டுச் சுருக்குவார்கள்: ஸெ லொ ஸப்பேவொ, வெனீவொ. கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், எழுதாதீர்கள்.

பஸ்ஸாத்தொ ரெமோத்தொ

கதை, வரலாறு, வாழ்க்கை வரலாறு எல்லாம் இந்தக் காலத்தில்தான் எழுதப்படுகின்றன. வட இத்தாலியர் பேச்சில் இதைத் தொடுவதே இல்லை. மிலானிலோ துரினிலோ இருப்பவர் வாசிப்பதற்கு மட்டும் அறிந்தால் போதும். தெற்கே அப்படியில்லை. சிசிலியில் காலையில் நடந்ததையே மாலையில் ரெமோத்தொவில் சொல்வார்கள். ஈழத்தமிழர் பெருமளவில் வாழும் பலெர்மோவில் இதைத் தள்ளிப்போட முடியாது. சாந்தா ரொசாலியாவை வணங்க அவர்கள் ஏறிச் செல்லும் மோன்தே பெல்லெக்ரீனோ மலைப்பாதையிலும், சந்தையிலும், பிள்ளைகளின் பள்ளி வாசலிலும் காதில் விழுவது இந்தக் காலம்தான்.

ஒழுங்கான வடிவம்: பர்லாய், பர்லாஸ்தி, பர்லோ, பர்லாம்மொ, பர்லாஸ்தெ, பர்லாரொனொ. இரண்டாம் குலத்தில் ஏராளமான வினைகள் மாறும், ஆனால் மூன்று இடங்களில் மட்டும். ஸ்க்ரீவெரெயைப் பாருங்கள்: ஸ்க்ரீஸ்ஸி, ஸ்க்ரிவேஸ்தி, ஸ்க்ரீஸ்ஸெ, ஸ்க்ரிவேம்மொ, ஸ்க்ரிவேஸ்தெ, ஸ்க்ரீஸ்ஸெரொ. நான், அவன், அவர்கள் ஆகிய மூன்றில் அழுத்தம் வேரில், வேர் மாறியிருக்கிறது. நீ, நாம், நீங்கள் ஆகிய மூன்றில் அழுத்தம் விகுதியில், வேர் அகராதியில் இருப்பதுபோலவே இருக்கிறது. ‘நான்’ வடிவம் ஒன்றை அறிந்தால் மற்ற இரண்டை ஈறு மாற்றிப் பெறலாம். இதோடு பிறக்கும் த்ரபஸ்ஸாத்தொ ரெமோத்தொ என்ற கூட்டு வடிவத்தை நூலில் கண்டால் ‘செய்து முடித்ததும்’ என்று பொருள்கொண்டு மேலே போங்கள். அதைப் பேச வேண்டிய தேவை உங்களுக்கு வராது.

ஜெரூந்தியொ பற்றி ஒரே குறிப்பு. பர்லாந்தொ என்றால் பேசிக்கொண்டு, பேசியபடி. இது பால், எண் எதற்கும் மாறாது. நம் வினையெச்சம்போல முதன்மை வினையின் எழுவாயே இதற்கும் எழுவாயாக இருக்க வேண்டும்.

ஒரு வினையை முழுதாகக் கட்டுதல்

ஒவ்வொரு புது வினைக்கும் ஒரு அட்டையில் ஐந்து சொற்கள் எழுதுங்கள்: அகராதி வடிவம், நான் நிகழ்காலம், நான் எதிர்காலம், நான் ரெமோத்தொ, இறந்தகால எச்சம். வெனீரெக்கு அவை வெனீரெ, வேங்கொ, வெர்ரோ, வேன்னி, வெனூத்தொ. எச்சத்தின் பக்கத்தில் ‘ஏஸ்ஸெரெ’ என்று துணைவினையையும் குறியுங்கள். பிறகு அட்டையை மட்டும் பார்த்து வாயால் கட்டுங்கள்.

நிகழ்காலம்: வேங்கொ, வியேனி, வியேனெ, வெனியாமொ, வெனீத்தெ, வேங்கொனொ. நான்கும் இரண்டுமாகப் பிரிவது கேட்கிறதா என்று பாருங்கள். வேங்கொவிலிருந்து கொஞ்ஜுன்தீவொ: வேங்க மூன்று முறை, வெனியாமொ, வெனியாத்தெ, வேங்கனொ. ‘வாருங்கள்’ என்ற மரியாதை ஏவலும் அதே வேங்க. அகராதி வடிவத்திலிருந்து வெனீவொ, வெனீஸ்ஸி, வெனேந்தொ. வெர்ரோவின் வேரில் வெர்ரேய். ரெமோத்தொ: வேன்னி, வெனீஸ்தி, வேன்னெ, வெனீம்மொ, வெனீஸ்தெ, வேன்னெரொ. வருகிறோம் என்ற வெனியாமொவையும் வந்தோம் என்ற வெனீம்மொவையும் மாற்றி மாற்றிச் சொல்லிக் காதுக்குப் பழக்குங்கள். கடைசியாக ஏஸ்ஸெரெயை ஒவ்வொரு காலத்திலும் நிறுத்தி வெனூத்தொவைச் சேர்த்தால் ஒன்பது கூட்டு வடிவங்களும் வந்துவிடும். பெண்கள் தம்மைப் பற்றிப் பேசும்போது வெனூத்த என்று சொல்லிப் பழகுங்கள்.

வெனீரெ நாவில் நின்றதும் தெனேரெயை எடுங்கள்: தேங்கொ, தெர்ரோ, தேன்னி, தெனூத்தொ. அச்சு அதேதான், அவேரெ வாங்கும் என்பது மட்டும் வேறு. மன்தெனேரெ (காப்பாற்று), ஒத்தெனேரெ (பெறு), ஸொஸ்தெனேரெ (தாங்கு), கொன்தெனேரெ (உள்ளடக்கு) ஆகியவற்றுக்கு அட்டையே தேவையில்லை. முன்னொட்டைச் சேர்த்து அப்படியே சொல்லலாம்.